சூடானால் நிற்கும் வண்டி

அந்த வண்டியை நான் திட்டாத நாள் கிடையாது. வண்டியைத் திட்டுவதாகப் பேர்தானே தவிர, விழுந்ததெல்லாம் என் வீட்டுக்காரர் தலையில். அவர் போய் நாலு மாதம் ஆகிறது. வண்டி இன்னும் வாசலில்தான் நிற்கிறது.

எங்கள் கல்யாணத்துக்கு முன்பே மூன்று கை மாறி அவரிடம் வந்த பழைய நூறு சிசி வண்டி. பொத்தானை அழுத்திக் கிளப்பும் சொகுசெல்லாம் இல்லை, கிக்கரை உதைக்க வேண்டும். ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு வியாதிதான். வெயில் நேரத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் விடாமல் ஓடினால் பட்டென்று அணைந்துவிடும். பெட்ரோல் டேங்குக்கு அடியில் காயில் என்று உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சாமான் இருக்கிறது. பிளக்குக்குத் தீப்பொறி அதிலிருந்துதான் போக வேண்டும். அது சூடு தாங்காது. ஓரமாக நிறுத்தி, ஈரத்துணியை அதன்மேல் போட்டுக் கால் மணி நேரம் ஆற வைத்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். அதற்கென்றே பழைய துண்டு ஒன்றை வண்டியின் பக்கவாட்டு மூடிக்குள் மடித்து வைத்திருந்தார். தண்ணீர் பாட்டில் கைப்பிடியில் தொங்கும்.

"ஏங்க, அந்தச் சவத்த மாத்தித் தொலைச்சாதான் என்ன?" என்று கேட்பேன். நான் நாங்குநேரிப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் ஆகாத சாமான் எல்லாமே சவம்தான்.

"நின்னா இன்னாடி? ஆற வெச்சா தன்னால எடுத்துக்கும். அதுக்கும் மூச்சு வாங்கும்ல?" என்பார். அவர் படப்பைக்காரர். பிறந்தது, ஞானஸ்நானம் வாங்கியது, என்னைக் கட்டியது எல்லாம் அங்கேயே. அவர் 'வூடு' என்றால் நான் சிரிப்பேன். நான் 'சவம்' என்றால் அவர் சிரிப்பார். அப்படித்தான் ஏழு வருஷம் ஓடியது.

என் கவலை வேறு. பென்னலூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வயர் கட்டுகளில் பழுது இருக்கிறதா என்று பார்க்கிற வேலை எனக்கு. இரண்டாவது ஷிப்ட். ஐந்து வருஷமாக டிரெய்னி, டிரெய்னி என்று இழுத்தடித்துவிட்டு, போன வருஷம்தான் பெர்மனென்ட் ஆக்குகிறோம் என்றார்கள். அதிலும் ஒரு முடிச்சு. ஆறு மாதத்துக்குள் நாலு தடவை லேட் என்று பதிவானால் பட்டியலிலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள். கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் மூணு மணிக்கு வரும். எங்கள் வீடு உள்ளே புதுசாகப் பிளாட் போட்ட இடத்தில். ஷேர் ஆட்டோ அங்கே வராது. வல்லக்கோட்டை தாண்டி இருக்கிற அவருடைய கம்பெனியில் இரண்டு மணிக்கு முதல் ஷிப்ட் விடும். அவர் நேராக வீட்டுக்கு வந்து என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். வண்டி நின்றால் என் பிழைப்பும் நிற்கும்.

நின்றது. பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். மூணு மணி நெருங்கிவிடும். அப்புறம் மெதுவாக வருவார், சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்து. "வண்டி நின்னுட்ச்சு" என்று அவர் வாயைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிடுவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அதை மறைக்க மாட்டேன். பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்துகிற அளவுக்குக் கத்தியிருக்கிறேன். அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார்.

டிசம்பருக்குள் இரண்டு லேட் ஆகியிருந்தது. பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை அவரைக் காணவே காணோம். ஓட்டமும் நடையுமாக ரோட்டுக்கு வந்தால் பஸ் போய்விட்டது. ஷேர் ஆட்டோவில் ஏறி ஒரகடம் போய் வேறு பஸ் பிடிக்கலாம் என்று கிளம்பினேன். பாதி வழியில் பார்த்தால், ரோட்டோர வேப்பமரத்தடியில் மனிதர் குந்தியிருக்கிறார். பக்கத்தில் வண்டி. கொய்யாப்பழக் கூடையோடு ஓர் அம்மா. ஆட்டோவை நிறுத்தி இறங்கினேன்.

ஈரத்துண்டு வண்டியில் இல்லை. அவர் கழுத்தைச் சுற்றி இருந்தது.

"வண்டிக்குப் போட வேண்டிய துணிய ஒங்க கழுத்துல போட்டுக்கிட்டு சொகமா உக்காந்திருக்கீங்களோ? அங்க ஒருத்தி பஸ்ஸ விட்டுட்டு நாயா அலையுதா. இங்க தொரைக்குக் கொய்யாப்பழம் கேக்குதோ?"

கொய்யாப்பழ அம்மா சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். உதடு வெளுத்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். சத்தியமாக வெயில் என்றுதான் நினைத்தேன். சாவியைப் பிடுங்கித் திருகி, இருந்த ஆத்திரத்தையெல்லாம் காலில் இறக்கிக் கிக்கரை ஓர் உதை விட்டேன். முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது.

"பாத்தியா, உன்னைக் கண்டா வண்டிக்கே பயம்டி" என்றார்.

அன்றைக்கு என்னைப் பின்னால் உட்கார வைத்துப் பென்னலூர் கேட் வரை கொண்டுவந்து விட்டார். மொட்டை வெயில். அந்த வண்டி ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. அதை நான் கவனிக்கவே இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டும் அவர் முதுகில் புலம்பிக்கொண்டும் போனேன். கேட்டுக்குள் நுழைந்தபோது மூன்றாவது லேட் பதிவானது.

என் லைனில் ஒரு பலகை உண்டு. வாங்குகிற கம்பெனி 'பரவாயில்லை' என்று ஒத்துக்கொண்ட சின்னச் சின்னக் குறைகளைப் படம் எடுத்து அதில் ஒட்டி, ஒவ்வொன்றின் மேலும் பச்சை வட்டம் வைத்திருப்பார்கள். பச்சை வட்டம் என்றால் தெரிந்த பழுது. அதற்காக லைனை நிறுத்தக் கூடாது, யாரையும் கூப்பிடக் கூடாது, பேசாமல் தள்ளிவிட வேண்டும். புதிதாகச் சேர்ந்தவளுக்குத்தான் அந்தக் குறை கண்ணில் உறுத்தும். இரண்டு மாதம் போனால் கண் தானாகத் தாண்டிவிடும். எங்கள் வண்டி நிற்பதும் அப்படித்தான் ஆகிப்போனது. எனக்கு மட்டுமில்லை, அந்த ரோட்டில் போகிற வருகிற எல்லாருக்கும். அவர் மரத்தடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவருடைய கம்பெனி ஆட்கள் கை காட்டிவிட்டுப் போவார்கள். கிண்டல் செய்து ஹாரன் அடித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

தவக்காலம் வந்தது. கறி மீன் வேண்டாம் என்றார், ராத்திரிக்கு இரண்டு இட்லி போதும் என்றார். வருஷா வருஷம் இருக்கிற ஒருசந்தி நோன்புதானே என்று விட்டுவிட்டேன். சர்ச்சில் சிலுவைப்பாதை நடந்தபோது பதினாலு நிலையில் மூன்றாம் நிலையிலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "எல்லாரும் முட்டி போடுதாங்க, இவருக்கு மட்டும் பெஞ்சு" என்று அங்கேயும் கடிந்துகொண்டேன். என் வாய்க்கு லீவே கிடையாது.

இனி லேட் ஆனால் பேர் போய்விடும் என்பதால், இரண்டரை வரை பார்ப்பேன், வராவிட்டால் நடந்துவிடுவேன். அந்தப் புதன்கிழமையும் நடந்தேன். நல்ல உச்சி வெயில். செருப்பு வேறு வார் அறுகிற நிலைமை. வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டே போய் எப்படியோ பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். எங்கள் டிரைவர் நல்ல மனுஷர். எந்தப் பெண் எங்கே கை நீட்டினாலும் நிறுத்துவார். ஒரு தடவை ஒருத்தியின் துப்பட்டா ஜன்னல் வழியாகப் பறந்துவிட்டது என்று நடு ரோட்டில் நிறுத்தி, எடுத்துவரக் காத்திருந்தார். அன்றைக்கும் நான் ஓடி வருவதைப் பார்த்து நின்றார்.

வேப்பமரம் வந்தது. எனக்கு முன்னால் பக்கத்துச் சீட்டுப் பெண்தான் பார்த்தாள்.

"அக்கா, அதோ உங்க வூட்டுக்காரரு! இன்னாக்கா, வண்டி இன்னிக்கும் மக்கர் பண்ணிட்ச்சா?"

பஸ்ஸில் நாலைந்து பேர் திரும்பிச் சிரித்தார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவர் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் தொங்கியது. பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையைத் தூக்கினார்.

நான் தூக்கவில்லை. அறுந்துபோன செருப்பு மடியில் இருந்தது. எல்லாரும் சிரிக்கிறார்களே என்ற கடுப்பு வேறு. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். "அங்கயே கெடக்கட்டும்" என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்துச் சீட்டுக்காரிக்கு அது கேட்டது. அவள் இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஐந்து மணிக்கு சூப்பர்வைசர் என் இடத்துக்கே வந்து, "கையுறையைக் கழட்டும்மா, வெளியே உன்னைத் தேடி ஆள் வந்திருக்காங்க" என்றார். கேட்டில் என் கொழுந்தனார் நின்றார். நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது.

ஹார்ட் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்றார்கள். அடக்கத்துக்குக் கொய்யாப்பழ அம்மாவும் வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எப்பவும் பத்து நிமிசம் குந்திகினு எழுந்து போவாரும்மா. வண்டி ரிப்பேர்னுதான் நெனச்சேன். கூப்ட்டா பேசல. தூங்குறாருன்னு விட்டுட்டேம்மா" என்றாள். பாவம், அவளை நான் என்ன சொல்வது? திடீரென்று வந்துவிட்டது, வண்டி நின்ற இடத்தில் வந்துவிட்டது, பாழாய்ப்போன வண்டி நிற்காமல் இருந்திருந்தால் வீட்டுக்காவது வந்து சேர்ந்திருப்பார். இதையே சொல்லிச் சொல்லி மூன்று மாதம் வண்டியைக் கரித்துக்கொட்டினேன். சவம் என்ற வார்த்தை மட்டும் அதற்கப்புறம் என் வாயில் வரவில்லை.

பெர்மனென்ட் ஆர்டர் வந்தது. மடித்துப் பைபிளுக்குள் வைத்துவிட்டேன். காட்டுவதற்கு ஆள் இல்லை.

கொழுந்தனார் வண்டியைத் தனக்குத் தரும்படி கேட்டார். எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் அந்தக் குறையைச் சரி பண்ணாமல் கொடுக்க எனக்கு மனசில்லை. தெரிந்தே ஒரு பழுதை இன்னொருவர் கையில் தள்ள முடியுமா? போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கிக்கரை உதைத்தேன். அவர்தான் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். இத்தனை நாள் கிடந்த வண்டி மூன்றாவது உதையில் எடுத்துவிட்டது. படப்பையில் அவர் வழக்கமாக விடுகிற மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"தம்பி, சூடானா நின்னுருதுல்லா, அந்தக் காயில மாத்திருங்க" என்றேன்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னாக்கா சொல்றீங்க? அதைப் போன ஆயுத பூசைக்கு முன்னாடியே மாத்தியாச்சே. அண்ணன்தான் புச்சா வாங்கினு வந்தாரு, நான்தான் மாட்டுனேன்."

"இல்ல தம்பி, அதுக்கப்புறமும் நின்னுச்சே. வாரத்துக்கு ரெண்டு நாள் நின்னுச்சே."

"சான்சே இல்லக்கா. ஆயில் மாத்த வந்தப்போ நானே கேட்டேன். ஒரு தபா கூட நிக்கல, குதிரை மாரி போவுதுன்னாரு. உங்க பேச்சு தாங்காமத்தான் மாத்துனாராம், சிரிச்சுகினே சொன்னாரு. தோ பாருங்க." டேங்குக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினார். வண்டி முழுக்கப் பழைய அழுக்கு. அந்த ஒரு சாமான் மட்டும் கறுப்பாக, புதிதாக இருந்தது.

பக்கவாட்டு மூடியை நானே திறந்தேன். ஒரு ஸ்பேனர், ஒரு பழைய பிளக். மடித்து வைத்த துண்டு, காய்ந்து மொறமொறவென்று இருந்தது. துண்டுக்குள் வாயுத் தொல்லைக்குச் சப்புகிற மாத்திரை அட்டைகள், ஒன்று இரண்டல்ல, ஏழெட்டு. கடைசி அட்டையில் இரண்டு மாத்திரை மிச்சம் இருந்தது.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? நெஞ்சை அடைக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வேலைக்குப் போயிருக்க மாட்டேன். அதனால்தான் சொல்லவில்லை. வாயு, போகப் போகச் சரியாகிவிடும், இவள் பேர் பட்டியலில் ஏறட்டும் என்று நினைத்திருப்பார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அந்த ஒன்றுதானே. நின்றால் ஆற வை, தன்னால் எடுத்துக்கொள்ளும். பழியைத் தூக்கி வண்டி மேல் போட்டுவிட்டு, நான் திட்டுவதற்கும் தலையைக் கொடுத்திருக்கிறார். ஐயோ, என்ன பேச்செல்லாம் பேசினேன். ஓர் உதையில் வண்டி கிளம்பியதே, அப்போதாவது ஏன் என்று கேட்டேனா? பழுது கண்டுபிடிக்கிறவள் என்று எனக்குச் சம்பளம் வேறு.

"அக்கா, குந்துங்கக்கா, தண்ணி குடிங்க" என்று மெக்கானிக் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். "வண்டிக்கு இன்னாதான் பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம் தம்பி. அதுல ஒரு குறையும் இல்ல" என்றேன்.

வீட்டுக்குப் போகாமல் ஒரகடம் ரோட்டில் அந்த மரம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனேன். நல்ல வெயில். எங்கேயும் நிற்கவில்லை. அவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து பஸ் ஜன்னல்கள் நன்றாகத் தெரிகின்றன. உள்ளே இருப்பவர் முகம்கூடத் தெரிகிறது. கையைத் தூக்கினாரே, அது எனக்கு டாட்டா காட்டியது என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

'அண்ணே, நிறுத்துங்க' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எங்கள் டிரைவர் துப்பட்டாவுக்கே நிறுத்துகிறவர்.