பதினாலு கூண்டுகள்

டிக்கெட் அக்காவை அக்கா என்று கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள். அவளுக்கு முப்பது வயதுதான். ஏரிக்கரைப் படகுத்துறையில், நாலு பேர் நின்றால் ஐந்தாமவர் மூச்சு விட முடியாத ஓர் அறையில் உட்கார்ந்து டிக்கெட் கிழிப்பதுதான் வேலை. வாய் கொஞ்சம் நீளம். சில்லறை இல்லாமல் வருகிறவனும் சரி, வரிசையில் நடுவில் நுழைகிறவனும் சரி, அவளிடம் நல்ல பேர் வாங்கிக்கொண்டு போனதாகச் சரித்திரம் இல்லை. வலது கால் ஷூவின் முன்பாதியில் துணி அடைத்திருப்பாள். அங்கே இருக்க வேண்டிய விரல்கள் பதினோரு வருஷத்துக்கு முன்பே இதே ஏரியில் போய்விட்டன.

அந்தக் கதை துறையில் எல்லோருக்கும் தெரியும். ஒரு மதியம், நீந்திக் களைத்து, படகின் பின்பக்க ஏணியைப் பிடித்து ஏறப் போனாள். படகில் இருந்தவன் அவளுடைய சொந்த அண்ணன், துறையின் மெக்கானிக். கியர் நியூட்ரலில் இருக்கிறது என்று நினைத்து எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கினான். கியர் ரிவர்ஸில் இருந்தது. புரொப்பல்லரை அங்கே விசிறி என்பார்கள். பேர்தான் விசிறி, தண்ணீருக்குள் அது கத்தி. அவ்வளவுதான், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் அண்ணன் பழைய ஆளாக இல்லை. கம்பிகளை வளைத்து, பற்றவைத்து, விசிறியைச் சுற்றி மாட்டுகிற மாதிரி ஒரு கூண்டு செய்தான். முதலில் ஒரு படகுக்கு. பிறகு முதலாளியிடம் மல்லுக்கு நின்று பதினாலு படகுக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் கால் ஏணியிலிருந்து வழுக்கி நேரே விசிறிப் பக்கம் போனது. கூண்டில் இடித்து வீங்கியதோடு சரி. அன்று மெக்கானிக் பட்டறையின் பின்பக்கம் போய் அழுததைத் தங்கை பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

டிரைவர்களுக்குக் கூண்டு என்றாலே கசப்பு. மாட்டுக்கு வாய்க்கூடு போட்டுவிட்டு ஓடு ஓடு என்றால் எப்படி என்பார்கள். வேகம் செத்துவிட்டது, பெட்ரோல் தண்ணீராய்ப் போகிறது, திருப்பினால் படகு முரண்டு பிடிக்கிறது. வேகமாகப் போகும்போது எதிரே ஒரு தலை வந்தால் விசிறி வெட்டாது, கூண்டு மண்டையை உடைக்கும், அதில் என்ன பெரிய லாபம் என்று ஒருவர் கேட்டார். அவர்கள் சொன்னதெல்லாம் பொய்யும் இல்லை. ஆனால் மெக்கானிக்கிடம் யார் சொல்வது? அவன் பதில் பேச மாட்டான். தங்கையின் ஷூவைத் திரும்பிப் பார்ப்பான். கேட்டவர் வாயை மூடிக்கொண்டு போய்விடுவார். டிக்கெட் அக்காவுக்கு அந்தப் பார்வை மட்டும் பிடிக்காது. என் கால் என்ன, பேச்சை முடிக்கிற முத்திரையா என்று உள்ளுக்குள் பொருமுவாள்.

போன மாதம் ஒரு நாள் திடீரென்று காற்று கிளம்பியது. ஒன்பதாம் நம்பர் படகு எட்டுப் பேரோடு ஏரியின் அந்தக் கோடியில் இருந்தது. ஓட்டியவர் ‘நிதானம்’. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் வேறு; இருபத்திரண்டு வருஷமாக ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியதால் துறை வைத்த பேர் அது. பாதி வழியில் எஞ்சின் சூடேறி நின்றுவிட்டது. காற்று படகை அப்படியே தள்ளிக்கொண்டு போய்க் கரைப் பாறையில் மோதியது. எல்லோரும் பிழைத்தார்கள். ஆனால் ஓர் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. நிதானம் எஞ்சினை மிதமிஞ்சி முறுக்கிப் பாழாக்கிவிட்டார் என்று மறுநாளே பேச்சு வந்துவிட்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

ஏனென்றால் டிக்கெட் அக்கா தன் ஜன்னல் வழியாக ஒன்றைப் பார்த்திருந்தாள். அன்று படகைக் கட்டி இழுத்து வந்தவன் அவள் அண்ணன். அதிகாரி வந்து படகுக்குச் சீல் வைப்பதற்குள், அவன் மண்டியிட்டு, கூண்டிலிருந்து பாசியைப் பிடுங்கினான். கொஞ்ச நஞ்சமல்ல, ஒரு கூடை. கம்பிக்குக் கம்பி சுற்றிக்கொண்டு, எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஏறுகிற துளையையும் சேர்த்து அடைத்திருந்த கொடிப்பாசி. அதைக் கொண்டுபோய்ப் பட்டறைக்குப் பின்னால் கொட்டி, மேலே பழைய தார்ப்பாயை இழுத்து மூடினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. கூண்டில்லாத விசிறியாக இருந்தால் அந்தப் பாசியை வெட்டித் தள்ளிவிட்டுப் போயிருக்கும்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் சாப்பாட்டு வேளையில் பட்டறைக்குப் போய் நேரே கேட்டாள். அவன் மறுக்கவில்லை. ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“கூண்டாலதான்னு ஒரு வரி எழுதிட்டாங்கன்னா, பதினாலையும் கழட்டச் சொல்லிடுவாங்க. அப்புறம் இன்னொரு பிள்ளை கால் போகும்.”

“அதுக்கு அந்த மனுஷன் பலியா? லைசன்ஸை ரத்து பண்ணப் போறாங்களாம்ண்ணா.”

“லைசன்ஸ் போனா வேற பொழப்பு இருக்கு. கால் போனா?” என்றான். வழக்கம்போல ஷூவைப் பார்த்தான்.

கொடுமை என்னவென்றால், அவன் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது, அந்தப் பாதி அவளுடைய காலிலேயே எழுதியிருந்தது. திரும்பி வந்து டிக்கெட் கட்டைத் தலைகீழாக வைத்துக் கிழித்தாள். யாரோ சொன்ன பிறகுதான் கவனித்தாள்.

ஒரு வாரம் அப்படியே ஓடியது. சொன்னால் அண்ணன் உடைந்துபோவான். சொல்லாவிட்டால் ஒரு நல்ல மனிதரின் பிழைப்பில் மண். வீட்டில் அண்ணனும் அவளும் ஒரே மேஜையில்தான் சாப்பிட்டார்கள். உப்பு போதுமா, குழாயில் தண்ணீர் வந்ததா என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. தானே போய்ச் சொல்லிவிடுவான் என்று ஒவ்வொரு காலையும் நம்பினாள். அவன் போகவில்லை. அவளுக்கும் வாய் வரவில்லை. ஊரையே கிழிக்கிற வாய்க்கு அந்த வாரம் பூட்டு.

விசாரணைக்கு முந்தின நாள் நிதானம் டிக்கெட் அறைக்கு வந்தார். லாக்கர் சாவியைக் கொடுக்க வந்தாராம். முகத்தில் நாலு நாள் தாடி. யாரையாவது குறை சொல்வார், திட்டுவார், அதோடு தன் மனசும் ஆறும் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் அப்படிச் செய்யவில்லை.

“யோசிச்சுப் பார்த்தேன்மா. நான்தான் முறுக்கிட்டேன் போல. கை நெனவில்லாம செஞ்சிருக்கும். இத்தனை பேர் சொல்றாங்கன்னா, பொய்யாவா இருக்கும்?”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். செய்யாத தப்பை அந்த மனிதர் தானே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டிருந்தார். செய்த தப்பைப் பதினோரு வருஷமாகச் சுமக்கிறவன் ஒருவன் வீட்டிலேயே இருக்கிறான். அது ஆளை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். அவர் கொடுத்த சாவியை வாங்கவில்லை. நாளைக்குப் பார்த்துக்கலாம் அண்ணே என்று மட்டும் சொன்னாள்.

விசாரணை முதலாளியின் அறையில் நடந்தது. மின்விசிறிக்குக் கீழே அதிகாரி, ஓரத்தில் நிதானம், கதவோரமாக மெக்கானிக். டிக்கெட் அக்கா கூப்பிடாமலே உள்ளே போனாள். அதிகாரி அவள் நடையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், கனிவாக உட்காரச் சொன்னார். டிரைவர்கள் கூண்டைப் பற்றிச் சொன்ன புகாரும் அவர் காதுக்குப் போயிருந்தது; கூண்டு எவ்வளவு அவசியம் என்பதைச் சொல்ல இவளைவிடத் தகுதியான ஆள் உண்டா என்று அவரே ஆரம்பித்துவிட்டார்.

“அவசியந்தான் சார். ஆனா அன்னைக்கு எஞ்சின் நின்னது அந்தக் கூண்டாலதான். கம்பி பூரா பாசி. டிரைவர் மேல தப்பில்ல. நான் கண்ணால பார்த்தேன்.”

பாசி இப்போது எங்கே என்று அதிகாரி கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஒன்றை மட்டும் அவள் வாயால் சொல்ல முடியவில்லை. கதவோரத்திலிருந்து அண்ணன் குரல் வந்தது.

“பட்டறைக்குப் பின்னால இருக்கு சார். நான்தான் எடுத்தேன்.”

அதிகாரி நெடுநேரம் எழுதினார். பிறகு நிமிர்ந்து, சரி, கூண்டு வேண்டுமா வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று அண்ணனையும் தங்கையையும் பார்த்துக் கேட்டார். ஆள் நீந்துகிற இடத்தில் வேண்டும், பாசி மண்டிய கோடிக்குப் போகிற படகுக்கு வேண்டாம், தினமும் சுத்தம் செய்தால் வைக்கலாம் என்று மெக்கானிக் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். காகிதத்தில் அதற்கெல்லாம் இடமில்லை. முறைப்படி சோதித்த கூண்டு வரும்வரை எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும் என்று உத்தரவாயிற்று. பாசியை மறைத்ததற்கு மெக்கானிக்குக் கடும் எச்சரிக்கை. நிதானத்துக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அவர் இருவரையும் பார்த்துக் கைகூப்பினார். மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பதினாலு கூண்டையும் அவனே கழற்றினான். உதவிக்கு வந்தவர்களை விரட்டினான். தங்கையோடு பேச்சை நிறுத்திவிட்டான்; தட்டை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போய்ச் சாப்பிட்டான். அவள் வலியச் சண்டைக்கு இழுத்தும் பார்த்தாள். சுவரோடு பேசியிருக்கலாம். உண்மையைச் சொன்னால் மனசு இலேசாகும் என்கிறார்களே, அப்படிச் சொன்ன புண்ணியவானைக் கண்டால் நாலு வார்த்தை கேட்கலாம் என்றிருந்தது அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வரிசை தெரு வரைக்கும் நின்றது. டிக்கெட் ஜன்னலிலிருந்து தெரிகிற தூரத்தில், ஏரிக்குள் குதித்து விளையாட ஒரு மிதவை மேடை உண்டு. ஒன்பதாம் நம்பர் அங்கே ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. கடைசியாக ஒரு பெண், லைஃப் ஜாக்கெட்டோடு, படகின் பின்னேணியை நோக்கி நீந்திக்கொண்டிருந்தாள். டிக்கெட் அக்கா தற்செயலாகத்தான் தலையைத் தூக்கினாள். படகின் பின்பக்கம் தண்ணீர் கொப்பளித்தது. படகு அந்தப் பெண்ணை நோக்கிப் பின்னால் வந்துகொண்டிருந்தது. எஞ்சின் ஓடுகிறது!

ஒருகாலத்தில் தண்ணீரில் ஆள் இருந்தால் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் கிட்டே போக விடுவார்கள். கூண்டு வந்த பிறகு, அதான் கூண்டு இருக்கே என்று அந்தப் பழக்கம் மெல்ல மெல்லப் போய்விட்டது. போனதை யாரும் கவனிக்கவில்லை. இத்தனைக்கும் படகில் இருந்தவர் நிதானம்.

நேரம் முடிந்த படகுகளைக் கூப்பிடுகிற மைக்கைப் பிடுங்கி, “ஒன்பது! எஞ்சினை அணைங்க! அணைங்கண்ணே!” என்று கத்தினாள். குரல் ஏரி முழுக்கப் பாய்ந்தது. கரையில் நின்ற மெக்கானிக் சட்டையைக்கூடக் கழற்றாமல் இடுப்பளவு தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்தான், ஓடி எட்டுகிற தூரமில்லை என்று தெரிந்தும்.

எஞ்சின் நின்றது. அந்தப் பெண் ஏணியில் ஏறினாள். ஒரு கால், அடுத்த கால். டிக்கெட் அக்கா இரண்டு பாதங்களையும் பார்த்த பிறகுதான் மைக்கைக் கீழே வைத்தாள். டிக்கெட் கேட்டு ஜன்னலுக்குள் நீண்ட கைகள் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

மெக்கானிக் சொட்டச் சொட்ட வந்து டிக்கெட் அறையின் கதவில் சாய்ந்தான். ஒன்பது நாள் கழித்து வாயைத் திறந்தான்.

“இந்தப் பழக்கத்தைக் குடுத்ததும் நான்தான்.”

“நம்ம ரெண்டு பேரும்தான். தினமும் இந்த ஜன்னல்ல உக்காந்து நானும்தான் பார்த்துட்டிருந்தேன்” என்றாள் அவள். கண் நிறைந்துவிட்டது, துடைக்கவில்லை.

அவன் ஏரியைப் பார்த்தான். “இன்னும் எத்தனை படகு உள்ள இருக்கு?”

“பதினொண்ணு.”

அவன் போகவில்லை. வரிசையில் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். பதினொன்றும் கரை சேரும்வரை இருவரும் உட்காரவில்லை.