பழைய கம்ப்யூட்டரில் இருந்த செவ்வாய்

என் வீட்டுக்காரர் ராஜமாணிக்கம் தன் நிழல் பின்னால் வந்தாலும் உன்னை யார் அனுப்பினார்கள் என்று கேட்கிற ஆள். சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை வைத்திருக்கிறார். பிறந்த நேரமும் ஊரும் சொன்னால் கட்டம் போட்டு அச்செடுத்துக் கொடுப்பார். பாஸ்வேர்டு அடிக்கும்போது நான் பக்கத்தில் நின்றாலும் கீபோர்டைத் துண்டால் மூடிக்கொள்வார். கட்டிய பெண்டாட்டி திருடி என்ன செய்யப்போகிறேனோ, அவருக்குத்தான் வெளிச்சம்.

கடைப் பலகையில் ‘வாக்கிய முறைப்படி’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். வாக்கியம், திருக்கணிதம் என்று பஞ்சாங்கக் கணக்கு இரண்டு வகை. கணக்கு மாறினால் சில பேருக்குக் கிரகமே பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விடும். எங்களுக்குப் பரம்பரையாக வாக்கியம்தான். ஒருமுறை குமராட்சியிலிருந்து வந்த ஒருவர், ‘இது வாக்கியக் கணக்கு மாதிரி தெரியலீங்களே’ என்று தன்மையாகத்தான் சொன்னார். எதிர்க்கடைக்காரன் அனுப்பிய ஆள் என்று அவரை விரட்டிவிட்டார் இவர்.

எங்கள் ஒரே பெண் சுவேதா. பிறந்தபோது மாமனார் எழுதி, கல்யாண வயதில் பிரிக்கலாம் என்று கட்டி வைத்த அவளுடைய ஜாதகம் ‘தானே’ புயலில் நனைந்து கூழாகிவிட்டது. அதற்குப் பிறகு வாங்கிய கம்ப்யூட்டரில் இவர்தான் புதிதாகப் போட்டார். செவ்வாய் தோஷம் என்று வந்தது. அன்று பிடித்தது சனியன். கடலூரில் அவளோடு வேலை பார்க்கும் நெல்லிக்குப்பத்துப் பையன் அருண்பாண்டியனைப் பிடித்திருக்கிறது என்று போன வருஷம் அவள் வாய்விட்டுச் சொன்னாள். இவர் அவன் ஜாதகத்தை வாங்கிப் பார்த்தார். அவனுக்குத் தோஷம் இல்லை, பெண்ணுக்கு இருக்கிறது, சேர்த்தால் அவன் உயிருக்கு ஆகாது என்று மூடி வைத்துவிட்டார். அவள் அழவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இந்தப் பொங்கலுக்கு அவளே ஒரு புதுக் கம்ப்யூட்டர் வாங்கி அனுப்பினாள். பழையது டிராக்டர் மாதிரி இரைந்துகொண்டிருந்தது, நல்லதாகப் போயிற்று என்றேன் நான். இவரோ, ‘கேக்காம எதுக்கு வாங்கி அனுப்புறா?’ என்று அட்டைப்பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

யாரும் தொடக்கூடாது என்று தானே மாற்றப் பார்த்தார். ராகு காலம் கழியக் காத்திருந்து, பழைய திரையில் இருந்த ஜாதகச் சாப்ட்வேரின் குட்டிப் படத்தை மட்டும் பென்டிரைவில் இழுத்துப் போட்டு, புதியதில் கொண்டுபோய் வைத்தார். படம் வந்தது. அமுக்கினால் ஒன்றும் திறக்கவில்லை. புதுப் பெட்டியே போலி என்று கத்தினார்.

சுவேதா கடலூரிலிருந்து இசைவாணி என்ற சர்வீஸ்காரப் பெண்ணை அனுப்பினாள். வந்தவளுடைய போனை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார் இவர். ஊர்க்காரர்கள் ஜாதகத்தையெல்லாம் உருவிக் கல்யாணப் புரோக்கரிடம் விற்றுவிடுவாளாம். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பொறுமையாகச் சொன்னாள். படம் வெறும் வாசல்தான், சாப்ட்வேர் உள்ளே இருக்கிறது. அதைப் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். ஒரு லைசென்சுக்கு ஒரு கம்ப்யூட்டர். பழையதில் விடுவித்தால்தான் புதியதில் பிடிக்கும்.

“இதுல புடுங்கிட்டு அதுல வரலன்னா?” என்றார் இவர். “முதல்ல புதுசுல வரட்டும். அப்பறம் இத விடறேன்.”

அப்படிச் செய்ய வழியில்லை என்று அவள் எத்தனை விதமாகச் சொல்லியும் அசையவில்லை. கடைசியில் எனக்குத்தான் பொறுக்கவில்லை. கடையை மூடிவிட்டு இரண்டு பெட்டிக்கும் நடுவில் நீங்களே படுத்துக்கொள்ளுங்கள் என்றேன். முனகிக்கொண்டே விடுவித்தார்.

புதியதில் ஏற்றும்போது எந்தக் கணக்கு என்று அது கேட்டது. அவள் இவரைப் பார்த்தாள். பலகையில பார்க்கலயா என்றார், பெருமையாக. அவள் வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தனக்கு மனப்பாடமான சுவேதாவின் ஜாதகத்தைப் போட்டார். பழையதில் இரண்டாம் கட்டத்தில் இருந்த செவ்வாய் மூன்றாம் கட்டத்தில் இருந்தது. தோஷம் இல்லை.

“என்னா பண்ண நீ? உன்னை யாரு அனுப்புனாங்க?” என்று எழுந்தே விட்டார்.

லைசென்ஸ் போனாலும் செட்டிங்ஸ் திறக்கும் என்றாள் அவள். பழையதில் செட்டிங்சைத் திறக்கச் சொன்னாள். துண்டால் மூடி பாஸ்வேர்டு அடித்தார். அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் திருக்கணிதம் என்று இருந்தது. முதலில் சாப்ட்வேர் ஏற்றிக் கொடுத்தவன் விட்ட இடத்திலேயே இத்தனை வருஷமும் இருந்திருக்கிறது. பூட்டு போட்டவர் இவர். பூட்டிய பிறகு தானும் திறந்து பார்க்கவில்லை. குமராட்சிக்காரர் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. எத்தனை வீட்டுக்கு இப்படிக் கட்டம் போட்டுக் கொடுத்தாரோ.

இசைவாணி போனதும் வெளியே வந்து சுவேதாவுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

“எனக்குத் தெரியும்மா. போன வருஷமே இங்க வாக்கியத்துல பாத்தேன், தோஷம் இல்ல. வெளிய பாத்தேன்னா அப்பா நம்புவாரா? அவுரு கடையிலயே, அவுரு கையாலயே வரட்டும்னுதான் வாங்கி அனுப்பினேன்.”

“அந்தப் புள்ள?”

“இருக்காரும்மா. வேற எங்கயும் பொண்ணு பாக்கல.”

இந்த மனுஷன் ஊரையெல்லாம் சந்தேகப்பட்டார். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் பட்ட சந்தேகம் ஒன்றுதான் சரி. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

உள்ளே போனேன். புதுக் கம்ப்யூட்டரில் ஏதோ அடித்துக்கொண்டிருந்தார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். அருண்பாண்டியன், நெல்லிக்குப்பம். பிறந்த தேதியையும் நேரத்தையும் எதையும் பார்க்காமலே அடித்தார். போன வருஷம் ஒரே ஒரு தடவை பார்த்த ஜாதகம் அது.

நான் நிற்பது அவருக்குத் தெரியும். துண்டு தோளிலேயே கிடந்தது.