ஐஸ்பெட்டி மேல் பதினெட்டு வருஷம்

என் புருஷன் லைல் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் நான் சொல்வதைக் கேட்டால் உங்களுக்கு அப்படித் தோன்றாது. எல்கோ என்கிற எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தங்கச் சுரங்கத்தில் பெரிய லாரிகளை முப்பத்தோரு வருஷம் பழுது பார்த்தவன். கை நீட்டியதில்லை, பொய் சொன்னதில்லை. ஆனால் ஒரு சாமானைத் தேர்ந்தெடு என்று அவனிடம் சொல்லிவிட்டால் தீர்ந்தது. அவனோடு குடித்தனம் நடத்தத் தனியாக வரம் வாங்கி வந்திருக்க வேண்டும்.

வருஷா வருஷம் செப்டம்பரில் நாலு நாள் பாலைவனத்துக்குப் போவோம். நாங்கள் ஒரு வண்டி; லைலோடு சுரங்கத்தில் வேலை பார்த்த கஸ்ஸும் அவன் மனைவி மார்லிஸும் இன்னொரு வண்டி. தார் ரோடு முடிந்த பிறகு அறுபது மைல் மண்ரோடு. அங்கே போன் எடுக்காது, ஆள் வராது. இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் நான். முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்தாத அந்த நாலு நாளுக்காகத்தான் மீதி வருஷத்தைப் பொறுத்துக்கொள்வேன்.

முதல் வருஷம் இரண்டு மடக்கு நாற்காலி வாங்கிக்கொண்டு போனோம். முதல் நாளே என்னுடையது கிழிந்தது, மறுநாள் அவனுடையது கால் ஒடிந்தது. "இனிமே கண்ட குப்பையையும் வாங்க மாட்டேன். வாங்குனா சாகிற வரைக்கும் வரணும்" என்று லைல் சத்தியம் பண்ணினான். அதுவரைக்கும் தற்காலிகமாக அவன் டூல்பாக்ஸ் மேலும் நான் ஐஸ்பெட்டி மேலும் உட்கார்ந்தோம். அந்தத் தற்காலிகம் பதினெட்டு வருஷம் ஓடியது.

டூல்பாக்ஸை யாரும் திறப்பதில்லை. ஐஸ்பெட்டி அப்படியா? பாரம் குறையும் என்று இரண்டு வண்டிக்கும் சேர்த்து ஒரே பெட்டி என்பது லைலின் ஏற்பாடு. பீர், பால், முட்டை, இறைச்சி எல்லாம் எனக்கு அடியில். "அம்மணி, கொஞ்சம் எந்திரிம்மா" என்பான் கஸ். எழுந்திருப்பேன். உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுவதற்குள், "நடீன், அந்த வெண்ணெயை எடுடி" என்பாள் மார்லிஸ். மறுபடி எழுந்திருப்பேன். அவர்கள் இருவரும் இருபது டாலர் நாற்காலி வாங்குவார்கள்; உடைந்தால் அடுத்த வருஷம் வேறு. சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வார்கள். அதில் நான் உட்கார முடியாது. எங்கள் கூட்டத்தில் அவரவர் நாற்காலி முதுகில் அவரவர் பேர் எழுதியிருக்கும். அடுத்தவர் நாற்காலியில் உட்காருவது அடுத்தவர் பிரஷ்ஷால் பல் துலக்குவதற்குச் சமம்.

போன வசந்தத்தில் டாக்டர் என் முதுகுப் படத்தைப் பார்த்துவிட்டு, சாய்மானம் இல்லாமல் உட்காரவே கூடாது என்றார். வீட்டுக்கு வந்து லைலிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னேன்.

"செப்டம்பருக்குள்ள எனக்கு ஒரு நாற்காலி வரணும். வரலேன்னா நான் வரல. நீ ஐஸ்பெட்டியையே கட்டிக்கிட்டுப் போ."

"அஞ்சு மாசம் இருக்கே, நடீன். நிதானமாப் பார்த்து வாங்கிரலாம்."

நிதானமாம்!

அன்றைக்கே நோட்டை எடுத்தான். லைலின் நோட்டு என்றால் எங்கள் வண்டியின் ஜாதகம். மண்வெட்டி எத்தனை பவுண்டு, தண்ணீர்க் கேன் எத்தனை பவுண்டு, என் வாணலி எத்தனை பவுண்டு, எல்லாம் அதில் உண்டு. பாரம் குறைக்கிறேன் என்று என் பல் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்தவன் அவன். அதே வண்டியில் முப்பது பவுண்டு ஜாக்கி இரண்டு வைத்திருந்தான். அதைக் கேட்டால் "அது வேற" என்பான்.

மே மாதம் முதல் நாற்காலி தபாலில் வந்தது. எனக்குப் பிடித்திருந்தது. லைல் அதைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் அடிச்சு இறுக்குன ரிவெட்டு ஆணி. வரிவரியா இருக்கிற ரோட்டுல அறுபது மைல் ஆடுனா ரிவெட்டு தளர்ந்துரும். போல்ட் போட்டதாத்தான் இருக்கணும். நாமளே கழட்டி மாட்டணும்" என்றான். திருப்பி அனுப்பினான். இரண்டாவதில் மூட்டுக்கு மூட்டு பிளாஸ்டிக். மூன்றாவதன் கால் ஊசியாக இருந்தது, மணலில் புதைந்துவிடுமாம். நாலாவது உட்காரும் இடம் தாழ்ந்து இருந்தது. மேசை தாடைக்கு வருமாம். ஐந்தாவதன் துணி வெயிலில் இற்றுவிடும் என்று அதைக் கூரை மேல் ஒரு மாதம் காயப்போட்டான். துணி ஒன்றும் ஆகவில்லை, காக்கை உட்கார்ந்து அசிங்கம் பண்ணியது. அதையும் வேண்டாம் என்றான்.

குளியலறை எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு நாலு மணி நேரம் வண்டி ஓட்டி சால்ட் லேக்குக்குப் போனோம். கடையில் ஒவ்வொரு நாற்காலியையும் மெஷின் மேல் வைத்து எழுதிக்கொண்டான். கடைக்காரப் பெண் என்னைப் பார்த்து, "உங்களுக்கு எது பிடிச்சிருக்கும்மா?" என்று கேட்டாள். ஐந்து மாதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டது அவள் ஒருத்திதான். வாய் திறப்பதற்குள் லைல், "நாங்க சும்மா எடை பார்க்க வந்தோம்" என்றான்.

ஆகஸ்டில் மார்லிஸ் போனில் கூப்பிட்டாள்.

"என்னடி, நாற்காலி ஆச்சா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி என்னையப் பார்க்க ரெண்டே தடவைதான் வந்தான், மார்லிஸ். நாற்காலிய அம்பது தடவை பார்க்கிறான்."

"உன்னைய எடை போட்டுப் பார்த்திருந்தா வேண்டாம்னு போயிருப்பான்டி!"

அவளுக்குச் சிரிப்பு. எனக்கு அழுகை வந்தது.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் ஐடஹோவிலிருந்து ஒரு பெட்டி வந்தது. தனி ஆளாகப் பட்டறை வைத்துச் செய்கிற ஒருவரிடம் சொல்லிச் செய்தது. எஃகுச் சட்டம், தடித்த கித்தான், அகலமான பாதம், மூட்டெல்லாம் போல்ட். தட்டையாக மடங்கியது. லைல் அதைக் கேரேஜில் இருநூறு தடவை மடக்கி விரித்தான். மூன்று மூட்டை சிமென்டை அதில் உட்கார வைத்தான். சாமியைக் கண்டவன் மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கும் மனசு குளிர்ந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

"இன்னொண்ணு எங்கே?" என்றேன்.

"இன்னொண்ணா? முதல்ல இதை ஒரு பயணம் சோதிச்சுப் பார்க்கணும்ல. தேறுச்சுன்னா அடுத்த வருஷம் உனக்கும் ஒண்ணு."

"அப்ப இதுல யார் உக்காருவா?"

"சோதிக்கிறவன்தானே உக்காரணும்?"

அவன் கேலி பேசவில்லை. மனதாரத்தான் சொன்னான். அதுதான் என்னைக் கொன்றது.

கார் சாவியை எடுத்தேன். பலசரக்கிலிருந்து பலகை வரைக்கும் விற்கிற கடையில், வாசலில் அடுக்கி வைத்திருந்த வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் பன்னிரண்டு டாலருக்கு வாங்கினேன். சாவுக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்குத் தருவார்களே, அந்த ஜாதி. வீட்டுக்கு வந்து ஏணி போட்டு ஏறி, லைலின் வண்டிக்கூரை மேல் நாலு காலும் வானத்தைப் பார்க்கக் கவிழ்த்துக் கட்டினேன்.

"ஐயோ நடீன், ஊரே பார்க்கும்!"

"பார்க்கட்டும்."

"அது மடங்காதே!"

"நானும் இனிமே மடங்க மாட்டேன்."

பெட்ரோல் பங்கில் கஸ் அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "டேய் லைல், அஞ்சு மாசம் தேடி இதையாடா கண்டுபிடிச்ச?" லைலின் காது சிவந்துபோனது. வழி முழுக்க என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. மேலே நாற்காலி மட்டும் கடகடவென்று பேசிக்கொண்டே வந்தது.

சாயங்காலம் கூடாரம் போட்டோம். நெருப்பு மூட்டி, இரும்புச் சட்டியில் பீன்ஸும் இறைச்சியும் வைத்தாயிற்று. நான் என் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தேன். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த மலையை முதுகு வலியில்லாமல் பார்த்தேன். லைல் தட்டில் பீன்ஸை எடுத்துக்கொண்டு தன் நாற்காலியில் மரியாதையாக உட்கார்ந்தான்.

டக், டக் என்று இரண்டு சத்தம். மனுஷன் மல்லாந்து கிடந்தான், பீன்ஸ் மார்பில் கிடந்தது.

கஸ் ஓடிப்போய்த் தூக்கினான். "சிமென்டு மூட்டைக்கு ஒண்ணும் ஆகலியேடா?"

லைல் தரையில் எதையோ பொறுக்கினான். ஒடிந்த போல்ட்.

"எஃகு போல்ட் கனமா இருந்துச்சு. கிளம்புறதுக்கு முந்துன நாள் மாத்திட்டேன். அலுமினியம். ஆறு அவுன்ஸ் மிச்சம்."

"பழைய போல்ட்?" என்றேன்.

"கேரேஜ்ல."

நாற்காலியின் பாரத்துக்கு ஈடாக டூல்பாக்ஸையும் வீட்டிலேயே வைத்துவிட்டு, நாலு ஸ்பேனரை மட்டும் துணியில் சுருட்டிக் கொண்டுவந்திருந்தான். ஆக, உட்கார அவனுக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று. சட்டையைத் துடைத்துக்கொண்டு போய் ஐஸ்பெட்டி மேல் உட்கார்ந்தான்.

"லைல், எந்திரிடா. பீர் எடுக்கணும்."

எழுந்தான். உட்கார்ந்தான். மார்லிஸுக்கு ஊறுகாய். எழுந்தான். கஸ்ஸுக்கு இன்னொரு பீர். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஆமாம், எனக்கும் ஒன்று கேட்டேன், வேண்டுமென்றேதான் கேட்டேன். பதினோராவது தடவை எழுந்தபோது இடுப்பில் கை வைத்தான். மறுபடி உட்கார்ந்து, பழக்கத்தில் பின்னால் சாயப்போய், விழாமல் சமாளித்துக்கொண்டான். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவான குரலில் சொன்னான்:

"நடீன், இதுல சாய எடமே இல்லையே."

அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தால் எனக்கு ஆனந்தமாக இருக்கும் என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். ஆனந்தம் வரவில்லை. கோபம்தான் தலைக்கேறியது.

"இல்லை. பதினெட்டு வருஷமா இல்லை. வருஷா வருஷம் சொன்னேன். நீ செவிடும் இல்லை. வாணலி எடைய எழுதத் தெரிஞ்சுது, மண்வெட்டி எடைய எழுதத் தெரிஞ்சுது. அந்த நோட்டுல எங்கயாவது என் பேர் இருக்கா? போய்ப் பாரு!"

கஸ்ஸும் மார்லிஸும் நெருப்பையே பார்த்தார்கள். லைல் சட்டைப்பையில் இருந்த நோட்டைத் தொட்டுப் பார்த்தான்.

காலையில் நான் எழுந்தபோது எங்கள் வண்டி இல்லை. "ஊருக்குப் போயிட்டு வரேன்னு மட்டும் சொன்னான்" என்றான் கஸ். போல்ட் வாங்கப் போயிருப்பான் என்று நினைத்துப் பல்லைக் கடித்தேன். மதியம் தாண்டி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு வண்டி வந்தது. கூரை மேல் நாலு கால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. வெள்ளை பிளாஸ்டிக்.

இறக்கி என் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். மன்னிப்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

"ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகிக்குது நடீன். ரெண்டுக்கும் ஒரே எடம்தான் பிடிக்கும். அஞ்சு பவுண்டு."

"எடை போட்டியா நீ?"

"கடையில தராசு இருந்துச்சு."

அவன் தலையில் எதையாவது போடலாமா என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். அதற்குள் கஸ் பழைய பழக்கத்தில் என்னைப் பார்த்து, "அம்மணி, ஒரு பீர்..." என்று ஆரம்பித்தான். "அவ உக்காந்திருக்காடா. நீயே எடுத்துக்க" என்றான் லைல்.

அப்புறம் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து என் மடியில் வைத்தான். புதுப் பக்கம். மேலே அன்றைய தேதி. கீழே ஒரே வரி: "நடீனுக்குச் சாய்மானம் வேண்டும்."

படித்தேன். பிறகு நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

"தேதி தப்பு, லைல்."

அவன் என்னைப் பார்த்தான். பேனாவைத் திறந்தான். அன்றைய தேதியை அடித்துவிட்டு, நாங்கள் முதல் முதலாக வந்த வருஷத்தை எழுதினான்.