எட்டாவது ஆள்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் திண்டிவனம் வரலாம். என் மடிக்கணினியைத் திறந்து காட்டுகிறேன். கோப்பு அப்படியே இருக்கிறது. நான் அழிக்கவில்லை. அழிக்கப்போவதும் இல்லை.

போன வருடம் ஜூன் மாதம். ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். விழுப்புரத்தில் புது வீடு கட்டியிருந்த பெரியப்பா கோதண்டபாணி ஒரு பழைய படத்தோடு வந்தார். எனக்கு மூன்று வயதில் மயிலத்தில் காது குத்தியபோது எடுத்தது. தாத்தாவும் ஆயாவும் சேர்ந்து நிற்கும் ஒரே படம். எட்டுப் பேரில் மற்ற எல்லோரும் கேமராவைப் பார்க்க, பெரியப்பா மட்டும் தன் இடது தோள் பக்கம் திரும்பியிருந்தார்.

“கலை, கம்ப்யூட்டர்ல போட்டோ வேலை கத்துக்கினு இருக்கியாமே. உனக்குப் பின்னாடி நிக்கிறா பாரு, அவள எடுத்துடு. கிரகப்பிரவேசத்துக்கு ஹால்ல மாட்டணும்.”

அவள் பூமாலை அத்தை. பெரியப்பாவின் தங்கை. வேறு சாதிக்காரனை விரும்பி, அவனோடு மும்பைக்கு ஓடிவிட்டாள் என்பது எங்கள் வீட்டுப் பேச்சு.

“அத்தை இருந்துட்டுப் போகட்டுமே, பெரியப்பா.”

“பேஜாரு பண்ணாத. ஜல்தியா முடி.”

கற்கத் தொடங்கி இரண்டு வாரம்தான். செய்து பார்க்கிற ஆசையில் சரி என்றேன். இன்றும் அதற்கு வெட்கப்படுகிறேன்.

வேலை எப்படி என்று சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் பிறகு நடந்தது புரியும். படத்தை ஸ்கேன் செய்து, காசில்லாமல் கிடைக்கும் ஒரு மென்பொருளில் திறந்தேன். அதில் ஓர் ஆளை எடுப்பது ரப்பரால் அழிப்பது போல அல்ல. பக்கத்துச் சுவரிலிருந்து துண்டு துண்டாக நகலெடுத்து, ஆள் மேல் ஒட்டிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் சுவர் ஆளை மூடிவிடும். நாம் செய்யும் ஒவ்வொன்றும் ஓரத்தில் ஒரு பட்டியலில் வரிசையாக ஏறும். தவறினால், அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகலாம்.

மாலை 4.10. மூன்று நெற்றிகளில் சிவப்புக் கறை தெரிந்தது. தாத்தா, ஆயா, அத்தை. பூஞ்சை என்று நினைத்து, அதையும் திரையில் துடைத்தேன்.

4.35. அத்தை இல்லை. சுவர்தான் இருந்தது.

4.41. பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று வயதுக் கலைப்பிரியாவின் தோளில் நான்கு விரல்கள். விட்டுப்போயிருக்கிறது என்று மூடினேன்.

4.48. விரல்கள் இருந்தன. என் தோளில் அல்ல... பெரியப்பாவின் இடது தோளில்.

பட்டியலைப் பார்த்தேன். கடைசி வரி, நான் சுவரை ஒட்டியது. அதன்பின் எதுவும் ஏறவில்லை. அதாவது, அந்த விரல்களை யாரும் வைக்கவில்லை.

டக்.

மவுஸ் சத்தம். என் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

டக்... டக்...

சுவரில் முதலில் கறை வந்தது. அதைச் சுற்றி நெற்றி. பிறகு கண்கள்.

அவை கேமராவைப் பார்க்கவில்லை.

பெரியப்பாவைப் பார்த்தன.

அப்போதுதான் உறைத்தது. அது கறை இல்லை. குங்குமம். எங்கள் பக்கம் படத்துக்குப் பொட்டு வைத்தால், அதில் இருப்பவர் செத்துவிட்டார் என்று பொருள். தாத்தா இப்போது உயிரோடு இல்லை. ஆயாவும் இல்லை.

அத்தை...?

பயந்தேன். ஆனால் எழுந்து ஓடவில்லை. பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

“அத்தை, இனிமே உன்ன அழிக்க மாட்டேன். வேற யாரையும் அழிக்க விடவும் மாட்டேன்” என்று சத்தமாகவே சொன்னேன். பட்டியலின் முதல் வரியை அழுத்தினேன். அத்தை முழுதாகத் திரும்பி வந்தாள். சத்தம் நின்றது. மணி 5.02.

உடனே பெரியம்மா கெங்கம்மாளுக்குப் போன் செய்தேன்.

“பெரியம்மா, அத்தை படத்துக்குப் பொட்டு வெச்சது நீங்களா?”



“அம்மாவாசைக்கு அம்மாவாசை வெக்கிறேன்டி. அந்தப் படத்த அவரு யாருக்கும் காட்டாம பொட்டியில போட்டுப் பூட்டிட்டாரு. எங்கிட்டயும் ஒரு சாவி இருக்குது.”

“அப்போ மும்பை?”

போன் துண்டானது.

கிரகப்பிரவேசத்தன்று விடியலிலேயே விழுப்புரம் போய், எட்டுப் பேரும் இருக்கும் படத்தை ஹாலில் மாட்டினேன். பெரியப்பா பார்த்தார். அவருடைய வலது கை மெல்ல இடது தோளைத் தடவியது.

“கைய எடுக்கச் சொல்லு...” என்றார்.

“யாரை, பெரியப்பா?”

அவர் தோளைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“மாட்டினது நான்தான். இறக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம், இன்னும் தெளிவான பிரதி வேண்டும் என்று, அந்தப் படம் எடுத்த போட்டோகிராபர் விருத்தாசலத்தைத் தேடிக் கூட்டேரிப்பட்டு போனேன். பழைய நெகட்டிவை எல்லாம் பத்திரமாக வைத்திருந்தார். நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும். அதில் விழுந்ததுதான் படத்தில் வரும். விழாதது வராது.

டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். மூன்று முறை எண்ணினேன்.

ஏழு பேர்.

“எங்க அத்தையக் காணோமே?”

“அவ எப்படிம்மா இருப்பா? அவ காணாமப் போயி ஒம்பது நாள் கழிச்சுத்தான உனக்குக் காது குத்துனாங்க. ஊரு வாய மூடணும்னு ஜல்தியா வெச்சாங்க.”

மறுபடி தூக்கிப் பார்த்தேன். அத்தை நின்ற இடத்தில் வெறும் சுவர். எல்லோரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியப்பா மட்டும், யாருமே இல்லாத அந்தப் பக்கம் திரும்பி, தன் இடது தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.