கார்க் கதவில் ஒரு பெயிண்ட் துளி

குவைத்தில் எங்கள் கராஜில் ஒரு பழைய அமெரிக்கக் காருக்கு, ஃபேக்டரியில் அடித்தது போலவே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தோம்.

காரின் சொந்தக்காரரான அரபி கேட்டது ஒன்றுதான். முன்கதவின் உள்பக்கம் ஃபேக்டரியிலேயே வழிந்து காய்ந்த ஒரு துளியை மட்டும் தொடக் கூடாது. சின்ன வயதில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து போகும்போதெல்லாம் அதைத்தான் தடவிக்கொண்டிருப்பாராம்.

இன்று டெலிவரி. நேற்றுதான் லீவு முடிந்து வந்த செல்வம் அண்ணன், விஷயம் தெரியாமல் அதைத் தேய்த்துப் பாலிஷ் போட்டுவிட்டார்.

"பெயிண்டு வழிஞ்சிருந்துச்சுடா. அரபி பாத்தா உன்னத்தானே திட்டுவான்?"

அரபி வந்தார். கதவைத் திறந்து, பார்க்காமலே விரலை அங்கே கொண்டுபோனார். திரும்பவும் தடவினார்.

"மாஃபி?" இல்லையா என்று கேட்டார்.

"மாஃபி" என்றேன். இல்லைதான்.

அவர் திட்டவில்லை. கதவை மெல்லச் சாத்தினார்.

அண்ணன் இன்னும் கேட்கிறார்: "வேல சுத்தமாத்தானடா இருக்கு?"

நீங்களே சொல்லுங்கள், இவருக்கு நான் என்ன பதில் சொல்ல?