உச்சியில் கேஸ், அடியில் தார்

என் மகளைப் பெண் பார்க்க அரியலூரிலிருந்து வந்திருந்தார்கள். சம்பந்தம் பிடித்தால்தான் மாப்பிள்ளை வீட்டார் கை நனைப்பார்கள். பிடிக்காவிட்டால் சாப்பிடாமல் கிளம்பிவிடுவார்கள். மகளுக்குப் போட்டோவிலேயே பையனைப் பிடித்துவிட்டது. அதனால் மனைவி விடியற்காலையிலேயே சமையலை முடித்து, வந்தவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையனின் அப்பா சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஓட்டும் லாரி வைத்திருப்பவர். அவருக்கு டீசல் கவலை.

"நீங்க வெளிநாட்டுல எண்ணெய்க் கம்பெனி எஞ்சினியராமே. டீசல், பெட்ரோல் ரெண்டும் ஒரே கெணத்துலயா வருது?"

எஞ்சினியர் என்று சொல்லி வைத்தது என் மச்சான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர் விசா வாங்கித் தர, வெளிநாடு போனேன். மச்சான் எனக்கு எதிரில் உட்கார்ந்து கண்ணைக் காட்டினான். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

"ஒரே எண்ணெய்தாங்க. கறுப்பா வரும். அத காய்ச்சுனா ஆவி ஒசரமான டவருக்குள்ள ஏறும். லேசானது மேல போவும், கனமானது கீழயே குளுந்து நின்னுடும். உச்சில கேஸ், அதுக்குக் கீழ பெட்ரோல், அப்புறம் மண்ணெண்ணெய், டீசல். அடியில தங்குறது ரோட்டுக்குப் போடுற தார்."

நான் இவ்வளவு பேசிக் கேட்டதில்லை என்பதால் மனைவி கரண்டியோடு சமையல்கட்டு வாசற்படிக்கு வந்து பார்த்தாள்.

"அப்ப இந்தச் சேரு?" என்றார் அவர்.

"பிளாஸ்டிக்கும் அதுலேருந்து வர்றதுதாங்க."

பையனின் அம்மாவுக்கும் ஆர்வம் வந்துவிட்டது. "மெழுகுவத்தி?"

"அதுவுந்தாங்க. பாலியெஸ்டர் துணிகூட அதுலேருந்துதான்."

"எம்பொடவ பட்டு" என்றார் அந்த அம்மா.

"பட்டுன்னா புழுவுலேருந்து வர்றதுங்க."

"கடைக்காரன் பட்டுன்னுதான் சொன்னான்" என்றார் கணவர். அவரை யாரும் கேட்கவில்லை.

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். பிறகு முந்தானையை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு அதை என் பக்கம் நீட்டினார்.

"நீங்க எஞ்சினியரு. நீங்களே பாத்துச் சொல்லுங்கண்ணே. இது பட்டா, இல்லையா?"

வெளிப்பெண்களிடம் நான் நிமிர்ந்து பேசியதே கிடையாது. பட்டு என்றால் பொய். இல்லை என்றால் அந்த மனிதர் அரியலூர் வரை காரில் அந்த அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து போக வேண்டும். பையன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் எஞ்சினியர் இல்லீங்க. அங்க கொழாய்க்குப் பெயிண்ட் அடிச்சேன். எதுல என்ன போவுதுன்னு பாத்து கலர் மாத்தி அடிக்கணும். அதனால அது மட்டும் தெரியும். பொடவையப் பத்தித் தெரியாதுங்க."

மச்சான் அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான். வாசற்படியில் நின்ற மனைவி கரண்டியைக் கீழே இறக்கினாள்.

"பெயிண்டருக்கு என்னம்மா தெரியும், விடு" என்றார் லாரிக்காரர். இத்தனை நேரத்தில் அப்போதுதான் அவர் முகம் தெளிந்தது.

"அவரு தெரியாததத் தெரியாதுன்னு சொல்றாரு. ஒங்களுக்கு வூட்டுல இருக்கு" என்று அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகினார். பிறகு என் மனைவி பக்கம் திரும்பினார். "எலயப் போடுங்க அண்ணி. பசிக்குது."

அண்ணி என்று கூப்பிட்டதை மனைவி கவனித்தாளா என்று தெரியவில்லை. அதுவரை பொரிக்காமல் வைத்திருந்த அப்பளத்தை என் மகள் எண்ணெயில் போடும் சத்தம் உள்ளேயிருந்து கேட்டது.