ஆறாவது சாக்கு

திண்டுக்கல்லில் பழைய சாக்கு வாங்கி விற்கும் கடை ஒன்றில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். எந்தச் சரக்குக்கு எந்தச் சாக்கு என்று பிரித்துப் போடுவது என் வேலை. அரிசிக்கு நெருக்கமாக நெய்தது வேண்டும். வெங்காயத்துக்குக் காற்றுப் புகுகிற மாதிரி இழை விலகியது வேண்டும். மிளகாய் வற்றல் இருந்த சாக்கில் வற்றலைத் தவிர வேறெதையும் போட முடியாது. பொரியைப் போட்டால் தின்பவன் தும்மியே சாவான். சாக்கின் வாய்க்குள் முகத்தை விட்டு ஒரே இழுப்பு, புளியா, புண்ணாக்கா, போன வருஷத்து மல்லியா என்று சொல்லிவிடுவேன். அந்த மூக்கின் மேல் எனக்கிருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

அறுபதுகளின் தொடக்கம் அது. புகையிலைத் தோட்டங்களுக்குப் பூச்சிமருந்துப் பொடி வர ஆரம்பித்திருந்தது. அந்தக் காலிச் சாக்குகளும் எங்களிடமே வரும். அவற்றை மட்டும் கடையின் மூலையில், கரிச் சாக்குகளுக்குப் பக்கத்தில் தனியாகப் போட்டு வைத்து எரித்துவிடுவோம்.

சரஸ்வதி பூசைச் சமயத்தில் எனக்குச் சரியான சளி. மூக்கு இரண்டும் அடைத்துக்கொண்டது. அதை முதலாளியிடம் சொல்ல என் திமிர் விடவில்லை. விரலால் தடவிப் பார்த்தே அன்றைய சாக்குகளைப் பிரித்தேன். பொரிக்காரர் வந்து நாலு சாக்கு வாங்கிப் போனார். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மழையோடேயே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை மூலையைப் பார்த்தேன். முந்தின நாள் வந்த மருந்துச் சாக்கு ஆறு. இருந்தது ஐந்து.

"நல்லா எண்ணுனியா?" என்றார் முதலாளி.

"அஞ்சுதாண்ணே இருக்கு."

அவர் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் பொரிக்காரருக்குக் கொடுத்த நாலு சாக்கு எனக்கு நினைவுக்கு வந்தது. பொரிக்கடைக்கு ஓடினேன். நாலு மூட்டையும் முதல் பஸ்ஸில் சாணார்பட்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதாம், பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்குக் கொடுக்க. அடுத்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவள், எந்தப் பிள்ளை முதலில் கை நீட்டும் என்பதையே வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சட்டை முனையை ஏந்தி வரிசையில் நின்றிருந்தார்கள். "குடுக்காதீக! யாருக்கும் குடுக்காதீக!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். வாத்தியார் திகைத்துப்போய் நின்றார். பஸ்ஸில் வரும்போதுதான் ஒரு பக்க மூக்குத் திறந்திருந்தது. நாலு மூட்டைக்குள்ளும் தலையை விட்டேன். அரிசி, அரிசி, உளுந்து, அரிசி. மறுபடியும் முகர்ந்தேன். அப்போதும் நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொரு மூட்டையிலும் அடியிலிருந்து ஒரு பிடி அள்ளித் தின்று, செத்த நேரம் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

"குடுக்கலாமாம்மா?" என்றார் வாத்தியார்.

"குடுங்க சார்."

கிளம்பும்போது மழை தூற ஆரம்பித்தது. அவர் காலியான ஒரு சாக்கை எடுத்து, ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் செருகி நீட்டினார். "தலையில கொங்காணி போட்டுக்கிட்டுப் போங்கம்மா, நனையாம."

சாக்கைக் கையில் வாங்கினேன். அப்போதுதான் நினைவு வந்தது.

முந்தின நாள் சாயங்காலம் நானும் கொங்காணி போட்டுக்கொண்டுதான் போனேன். இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில், கரிச் சாக்கு என்று நினைத்து, அந்த மூலையிலிருந்து ஒன்றை உருவியவள் நான்தான். வழியில் உச்சந்தலை அரித்தது, கண் எரிந்தது. சளி படுத்துகிறது என்று நினைத்தேன். வீட்டுத் தரை ஈரமாக இருந்தது. நனையாத பக்கத்தை மேலே திருப்பி விரித்து, மூன்று வயது மகளை அதில் படுக்க வைத்தேன். காலையில் அவளைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியபோதும் அதன் மேல்தான் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸின் கூரையில் தக்காளிக் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "எடுங்கய்யா வண்டிய!" என்று கண்டக்டரின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

வீட்டு வாசலுக்கு வரும்போதே மருந்து நெடி மூக்கில் அடித்தது. மகள் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். அக்கா கொடுத்த பூசைப் பொரியை அதன் மேலேயே கொட்டி, ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள். "அம்மா, பொரி" என்று எனக்கும் நீட்டினாள்.

பெரியாஸ்பத்திரியில் வாந்தியெடுக்க வைத்தார்கள். உடம்பு முழுவதும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார்கள். பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்னார். மருந்து எப்படி வீட்டுக்குள் வந்தது என்று கேட்டார். கடைச் சாக்கோடு வந்தது என்றேன்; அந்தச் சாக்குகளைப் பிரிக்கிறவள் நான்தான் என்பதை மறைத்துவிட்டேன்.

அவர் போனதும் மகளின் உள்ளங்கையை விரித்து முகர்ந்தேன். சோப்பு வாசனைதான் வந்தது. என் மூக்கை நான் நம்பவில்லை. பக்கத்துக் கட்டில்காரியைக் கூப்பிட்டு, "செத்த மோந்து பாருங்க" என்று அந்தக் கையை நீட்டினேன்.